திடுக்கு குருசாமி அசையவில்லை

படுத்தாச்சு. இனிமே அசையக் கூடாது. பதினஞ்சே நிமிஷந்தான். அறுபத்தி மூணு வருஷமா அசைஞ்சாச்சு, ஒரு பதினஞ்சு நிமிஷம் கட்டை மாதிரி கிடக்க முடியாதா ஞானகுருசாமி? முடியும். கை ரெண்டும் தொடையோட ஒட்டி இருக்கு. கால் நீட்டியாச்சு. தலையில காகிதக் குல்லா. இடது புருவத்துக்கு மேல பிளாஸ்திரி ஒட்டி அதுல பேனாவால ஒரு அம்பு போட்டிருக்காங்க, இந்தக் கண்ணுதான்னு. நல்ல காரியம். அச்சாபீஸ்ல ப்ரூஃப் பார்க்கிறப்போ நானும் அப்படித்தான் ஓரத்துல குறி போடுவேன், கம்ப்யூட்டர்ல திருத்துற பொண்ணு வேற எழுத்துல கை வச்சிரக் கூடாதுன்னு. குளிர் காத்து பாதத்துக்கு வந்து வந்து போகுது. சொல்லப்போனா சிவகாசி வெயில்ல காஞ்சு கண்புரை எடுக்க மதுரைக்கு பஸ் ஏறி வந்தவனுக்கு இது சொகம். இப்படியே ஒரு தூக்கம் போட்டா எப்படி இருக்கும்! போன புதன்கிழமையும் இதே கட்டில், இதே குளிர், இதே குல்லாதான். எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு, மருந்துத் தண்ணி கண்ணுல சில்லுனு விழுற வரைக்கும். விழுந்துச்சோ இல்லையோ தூக்கிவாரிப் போட்டுச்சு பாரு, என் முழங்கால் எகிறி ஓரமா நின்ன தட்டு வண்டியில மோதி, அதுல இருந்ததெல்லாம் தரையில. நல்லவேளை, ஊசி எதையும் இன்னும் கையில எடுக்கல. டாக்டரம்மா கோபப்படல, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாப் போச்சு. "அய்யா, உள்ள ஊசி நிக்கிறப்போ இப்படித் துள்ளினீங்கன்னா கண்ணு போயிரும். வலது கண்ணு உங்களுக்குச் சின்ன வயசுலயே போச்சு. இருக்கிறது இது ஒண்ணு. அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்ப்போம். அப்பவும் துள்ளினீங்கன்னா முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்யணும், உங்க நெஞ்சு இருக்கிற நிலைமைக்கு அதை நான் கொடுக்க மாட்டேன்" அப்படின்னாங்க. அவ்வளவுதான். இந்தப் பதினஞ்சு நிமிஷத்தைத் தாண்டிட்டா, ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரியெல்லாம் கட்டி ஆல்பம் வெளியாகுறப்போ எல்லா வருஷமும் மாதிரி நான்தான் அமாவாசை பௌர்ணமி பார்த்துக் கொடுப்பேன். தாண்டலைன்னா வீட்டுக்காரி கனி என் கையைப் பிடிச்சு கக்கூஸ் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். சரி, அதை இப்ப நினைக்காத. காத்தை நினை. பாதத்தை நினை.

பயம்னு இதைச் சொல்லிர முடியாது. எங்கம்மா அப்படித்தான் நினைச்சா. பிள்ளை எதையோ பார்த்து பயந்துட்டான்னு விபூதி போட்டா, தாயத்து கட்டினா, கட்டுன தாயத்து ஒருநாள் அவுந்து தொப்புனு மடியில விழுந்ததுல அதுக்கும் திடுக்கிட்டேன். நான் பயந்தாங்கொள்ளி இல்ல, சிவகாசிக்காரன். வெடி வெடிச்சா எனக்கு ஒண்ணுமே ஆகாது. திரியில நெருப்பு ஓடுறது தெரியுதே, அது போதும். இப்போ வரப்போகுதுன்னு உடம்புக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டா உடம்பு கேட்டுக்கும். ஆனா பின்னால இருந்து ஒருத்தன் சத்தமில்லாம தோள்ல கை வச்சான்னா போச்சு, நாற்காலியோட ஒரு சாண் எகிறுவேன். எங்க ஆபீஸ்ல மூணு குருசாமி. நெட்டை குருசாமி, மிஷின் குருசாமி, நான் திடுக்கு குருசாமி. முன்னெல்லாம் மத்தியானம் டீ குடிச்சதும் பயலுகளுக்குப் பொழுது போகலைன்னா என் முதுகுக்குப் பின்னால ஒரு டப்பாவைப் போடுவானுக. நானும் எகிறுவேன், அவனுகளும் சிரிப்பானுக, நானும் சிரிச்சுக்குவேன். வேற என்ன செய்ய. அந்தப் பேரைப் பத்தி நான் நிறைய யோசிச்சிருக்கேன், எழுத்தையே பார்த்துக்கிட்டு இருக்கிறவனுக்கு வேற வேலை? திடுக். சொல்லும்போதே நாக்கு மேல போய் ஒட்டி, தொண்டை அடைச்சுக்குது. வெடுக்குன்னு சொன்னா அதுல ஒரு கை இருக்கு, எதையோ பிடுங்கிட்டுப் போற கை. துணுக்குன்னா உள்ளுக்குள்ள, வெளிய ஒருத்தருக்கும் தெரியாது, காபியைக் குடிச்சுக்கிட்டே துணுக்குனு ஆகலாம். விருட்டுனு எந்திரிச்சுப் போறவனுக்கு ரோஷம் இருக்கு, எங்க போகணும்னு தெரியும். திடுக்கிடுறவனுக்குப் போக இடமே இல்ல. இருந்த இடத்துலயே எகிறி இருந்த இடத்துலயே விழுவான், விழுந்து சுத்திப் பார்த்து அசடு வழிவான். அது என் வார்த்தை. நல்லதோ கெட்டதோ, எனக்குன்னு வந்து சேர்ந்தது. தினசரிக் காலண்டர் தாள்ல ராசிபலனுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இடம். வரவு, நலம், அசதி, பரிசு, பொறுமை, அப்படி ஒரு அறுபது வார்த்தையைத்தான் பன்னெண்டு ராசிக்கும் சுத்தி விடுவாங்க. ஜோசியர் எழுதி அனுப்புறதுல எங்கயாவது அதிர்ச்சின்னு வந்தா நான் அதை அடிச்சுட்டு வியப்புன்னு போட்டுருவேன். முதலாளி சொன்னதுதான் அது. காலையில எந்திரிச்சு தாளைக் கிழிக்கிறவன் வயித்துல நாம ஏன்ப்பா புளியைக் கரைக்கணும்பார். இன்னைக்குக் காலையில, ராத்திரி தங்கின விடுதிச் சுவத்துல நம்ம ஆபீஸ் காலண்டரே தொங்குச்சு. கனி தாளைக் கிழிச்சு, உங்க ராசிக்கு என்ன போட்டிருக்கு பாருங்கன்னு கண்ணுகிட்ட கொண்டாந்து நீட்டினா. மங்கலா இருந்துச்சு, அவளே படிச்சா. கடகம், வியப்பு. ஜோசியர் எழுதினதா, நான் அடிச்சுப் போட்டதா? வருஷம் முந்நூத்தி அறுபத்தி அஞ்சு தாள், எதை மாத்தினேன்னு எவன் ஞாபகம் வச்சிருக்கான். வர்ற வழியெல்லாம் அதே யோசனைதான்.

க்ஹும். யாரோ இருமுறாங்க, தலைமாட்டுல. அப்புறம் ஒரு விரல் என் நெத்தியில படுது, பஞ்சு, ஜில்லுனு மருந்து கண்ணைச் சுத்தி வட்டம் போடுது. நான் அசையல. ஆஹா, பரவாயில்லையே! திரும்ப ஒரு க்ஹும், அப்புறம் துணி வருது, பச்சைத் துணி, மூஞ்சி பூரா மூடி கண்ணுக்கு மட்டும் ஒரு ஓட்டை. மூக்குகிட்ட ஒரு குழாய்ல காத்து வருது, மூச்சு முட்டல. திரும்ப க்ஹும், ரெண்டு இமையையும் விலக்கி ஒரு கம்பி மாட்டுறாங்க. வலி இல்ல. கண்ணை மூட முடியாது, அவ்வளவுதான். இந்த சிஸ்டர் பேரு மெர்லின், போன வாரம் தரையில சிதறினதையெல்லாம் பொறுக்கின பொண்ணு. பாவம், ஏசி ரூம்லயே நிக்குறதுல நெஞ்சுச் சளி பிடிச்சிருக்கும்போல. "சிஸ்டர், சளியா?" அப்படின்னேன். "இல்லையே அய்யா." "இருமுறீங்களே?" அந்தப் பொண்ணு மாஸ்க்குக்குள்ள சிரிக்கிறது கேட்டுச்சு. "உங்க வீட்டம்மா சொல்லிட்டுப் போனாங்க அய்யா. அவரைத் தொடுறதுக்கு முன்னாடி லேசா ஒரு இருமல் இருமிட்டுத் தொடும்மா, துள்ள மாட்டாருன்னாங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து வீட்டுல அப்படித்தான் பண்றாங்களாம்ல, முப்பத்தோரு வருஷமா." அப்புறம், "ஐயையோ! உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்களே, ரோஷக்காரருன்னு." அதுக்குள்ள டாக்டரம்மா வந்துட்டாங்க. "என்னய்யா, ரெடியா? இனிமே பேசக் கூடாது, தலை ஆடும். விளக்கை மட்டும் பாருங்க. ஆரம்பிக்கிறேன்." விளக்கு மூணா தெரியுது, மூணும் தண்ணிக்குள்ள கிடக்கு.

கனியோட இருமலா? அந்த இருமலையா சொல்றா இந்தப் பொண்ணு? அசையாத. விளக்கைப் பாரு. கல்யாணம் முடிஞ்சு பத்தாம் நாளு, ப்ரூஃப் பார்த்துக்கிட்டு இருந்தேன், ராஜகனி பூனை மாதிரி வந்து பக்கத்துல நின்னு காபின்னா. எகிறினதுல டம்ளர் கவுந்து என் மணிக்கட்டு வெந்துபோச்சு. தழும்பு இப்பவும் இருக்கு. என்னைவிட அவதான் அழுதா. மறுவாரம் அவளுக்கு இருமல் வந்துச்சு. ஆமா, மறுவாரந்தான்! எங்கம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, நோஞ்சான் பிள்ளையைத் தலையில கட்டிட்டாங்கடா, நெஞ்சுல என்னவோ இருக்குன்னா. விருதுநகருக்குக் கூட்டிட்டுப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சு சுத்தமா இருக்குன்னார் டாக்டர். கனி அந்தக் கறுப்புப் படத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு பஸ்ஸுல என் பக்கத்துல வாயைத் திறக்காம உட்கார்ந்து வந்தா. அப்பயே சொல்லியிருக்கலாமே. ஏங்க, இது உங்களுக்காக இருமுறதுன்னு ஒரு வார்த்தை! சொன்னா நான் என்ன செஞ்சிருப்பேன்? விருட்டுனு எந்திரிச்சு வெளிய போயிருப்பேன். என்னைச் சின்னப்பிள்ளைன்னு நினைச்சியான்னு கேட்டிருப்பேன். அவளுக்குப் பத்து நாள்லயே தெரிஞ்சிருக்கு என்னை. அப்புறம் நான் வாங்கிக் கொடுத்த மருந்தெல்லாம்! சித்தரத்தை, அதிமதுரம், ஆடாதொடை மணப்பாகு, மிளகுப் பால். வருஷா வருஷம் கார்த்திகை மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர் வைத்தியர்கிட்ட லேகியம். ஒவ்வொண்ணையும் மூஞ்சியைச் சுளிக்காம வாங்கி முழுங்கினாளே படுபாவி. கேட்டா, கொஞ்சம் தேவலைங்கன்னுவா. மறுநாள் காலையில ப்ரூஃப் மேஜைக்குப் பின்னால க்ஹும். எனக்கு ஒண்ணு அப்பவே தட்டுப்பட்டுச்சு. அடுப்படியில அவ இருமுறதில்ல. தூக்கத்துல இருமுறதில்ல. அவ அண்ணன் வீட்டுக்குப் போனா நாலு நாளும் ஒரு இருமல் கிடையாது. எழுத்துப் பிழை பிடிக்கிறதுல என்னை மிஞ்ச சிவகாசியில ஆள் இல்லைன்னு பேரு, நான் என்ன கண்டுபிடிச்சேன்? உங்கண்ணன் ஊர்த் தண்ணி உனக்கு ஒத்துக்குது கனி, நம்ம ஊர்ல வெடி மருந்துக் காத்துன்னு சொன்னேன். அண்ணன் ஊர்லயோ தெரு முழுக்க தூசி! மகளும் கதவு நிலையில ரெண்டு தட்டு தட்டிட்டுத்தான் உள்ள வருவா, நான் பிள்ளையை எவ்வளவு மரியாதையா வளர்த்திருக்கேன்னு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் பெருமையடிச்சேன். ஐயோ, சிரிப்பு வருது. வரக் கூடாது. வயித்துல இருந்து கிளம்பிருச்சு, நெஞ்சுக்கு வருது, பல்லைக் கடி. லேகியம். லேகியத்தை நினைக்காத. "அய்யா, வயிறு ஆடுது. என்ன, அழுறீங்களா?" டாக்டரம்மா கை நின்னுபோச்சு. "ம்ஹும்" அப்படின்னேன் தொண்டைக்குள்ள. "சிரிக்கிறார் டாக்டர்" அப்படின்னா மெர்லின். "ஆபரேஷன்ல சிரிக்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். அய்யா, மூச்சை இழுத்து மெதுவா விடுங்க. நான் உள்ள இருக்கேன்." நான் உள்ள இருக்கேன்னு சொன்னதும் சிரிப்பு அடங்கிப்போச்சு.

இப்ப மிஷின் சத்தம் வருது, உய்யுனு, நடுநடுவுல கிணிகிணின்னு. மூணு விளக்கும் ஒண்ணாக் கலந்து, சிவப்பாகி, நீலமாகி, திரும்பப் பிரியுது. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, காதோரமா வழியுது, அழகாத்தான் இருக்கு. அருவிக்குக் கீழ நின்னு கண்ணைத் திறந்து மேல பார்த்தா இப்படித்தான் தெரியும், வெளிச்சம் உடைஞ்சு உடைஞ்சு. குத்தாலம். ஐயோ, குத்தாலம். அதை எப்படி மறந்தேன்! வருஷம் தவறாம சீசனுக்குப் போவோம், நானும் கனியும், அப்புறம் மகளும். நான் எண்ணெய் தேய்ச்சு மெயினருவியில ஒரு மணி நேரம் நிப்பேன். தலையில தண்ணி விழுற சத்தத்துல வேற எந்தச் சத்தமும் கேட்காது, எவன் இடிச்சாலும் எனக்குத் திடுக்குனு இருக்காது, என் உடம்பு முழுசா ஓய்வா இருக்கிற இடம் உலகத்துலயே அது ஒண்ணுதான். கனி கரையில நிப்பா. துண்டு, மாத்துத் துணி, என் செருப்பு, கண்ணாடி, மணிபர்ஸ், எல்லாம் அவ கையில. முதல் வருஷம் அவ சேலையைச் சொருகிக்கிட்டு ஆசையா இறங்க வந்தா. நான்தான், உனக்குத்தான் இருமலாச்சே, நனைஞ்சா நெஞ்சுல கட்டிக்கும், அங்கயே நில்லுன்னேன். அக்கறையாத்தான் சொன்னேன். அவ நின்னா. ஒரு வார்த்தை சொன்னா அருவிக்குள்ள வந்திருக்கலாம், சொல்லல. கையை நீட்டிச் சாரலைப் பிடிச்சு மூஞ்சியைத் துடைச்சுக்குவா, அவ்வளவுதான் அவ குளிச்சது. முப்பது சீசன். நான் குளிச்சு முடிச்சு கண்ணைத் துடைச்சுக்கிட்டு வர்றப்போ பின்னால இருந்து க்ஹும், துண்டு. கனி, உன்னை நான் என்ன செய்ய! இதை நான் எப்படித் திருத்துவேன்? அச்சாகி, கட்டி, கடைக்குப் போயி, சுவத்துல மாட்டின பின்னால... டணார்! இடது பக்கம், அடுத்த கட்டில்ல யாரோ தட்டைப் போட்டுட்டாங்க, இரும்பு, கத்தி, கத்திரி எல்லாம் தரையில உருளுது. வந்துருச்சு. இதோ வரப்போகுது. எனக்குத் தெரியும் அதை, அடிவயித்துல பிடிச்சு முதுகுத்தண்டுல ஏறி மொத்தமா வாரித் தூக்குற அது. ஊசி உள்ள நிக்குது. ஏறுது, ஏறுது. கனி, ஒரு இருமல் இருமு. இங்க இல்லைன்னா அங்க வராந்தாவுல இருந்தாவது இருமு. நான் நினைச்சேன், அவ்வளவுதான், காதுக்குள்ள கேட்டுச்சு. முப்பத்தோரு வருஷத்து க்ஹும், வரிசையா, ஒண்ணு பின்னால ஒண்ணு, எது வந்தாலும் நான்தாங்க, நான்தாங்கன்னு. கால் கட்டைவிரல் ரெண்டும் ஒரு சுண்டு சுண்டுச்சு. வேற எதுவும் அசையல. மிஷின் நிக்கல. "அய்யா?" அப்படின்னாங்க டாக்டரம்மா. அவங்களுக்கும் திடுக்குனுதான் இருந்திருக்கும், பாவம். "ம்" அப்படின்னேன். "சபாஷ்யா. லென்ஸ் வைக்கிறேன். முடிஞ்ச மாதிரிதான்." ஏதோ ஒண்ணு உள்ள வந்து மெதுவா விரியுது, மூணு விளக்கும் ஓரம் பிசிறில்லாம வட்டம் வட்டமா நிக்குது. கடகம், வியப்பு. நான்தான் மாத்தியிருப்பேன். சரியாத்தான் மாத்தியிருக்கேன்.

வெளிய நாற்காலியில உட்கார வச்சுட்டாங்க. இடது கண்ணு மேல பிளாஸ்டிக் மூடி, ஓட்டை ஓட்டையா. நாளைக்குக் காலையிலதான் கழட்டுவாங்க. ஒரு டீ கொடுத்தாங்க, ரெண்டு பிஸ்கட். இப்படி ஒரு ருசியான டீயை நான் குடிச்சதே இல்ல. மெர்லின் சட்டம் படிச்சுட்டுப் போச்சு. குனியக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, ஒரு மாசத்துக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, பலமா இருமக் கூடாது, தும்மக் கூடாது. கனிக்கும் தனியா ஒரு தடவை படிச்சுக் காட்டியாச்சாம். வராந்தாவுல செருப்புச் சத்தம் வருது, அவ செருப்புத்தான், வலது காலை லேசா இழுத்து நடப்பா. நான் மூடியும் குருட்டுக் கண்ணுமா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கேன். வாசல்கிட்ட சத்தம் நின்னுச்சு. மூச்சை இழுக்கிறா, அதுவும் கேட்குது. இத்தனை வருஷத்துல அந்த மூச்சு இழுக்கிறதை நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கேனா! அவ இருமுறதுக்கு முன்னாடி நான் முந்திக்கிட்டேன். க்ஹும்.

பொத்துனு மருந்துப் பை கீழ விழுந்துச்சு. "ஐயோ! இருமக் கூடாதுன்னாங்களே! கண்ணுக்கு என்ன ஆச்சு, சிஸ்டர், சிஸ்டர்!" தூக்கிவாரிப் போட்டிருக்கு அவளுக்கு, வளையலெல்லாம் குலுங்குது, ஓடி வந்து என் தோளைப் பிடிச்சா. என் உடம்புல ஒரு மயிர்க்கால்கூட அசையல. "கண்ணுக்கு ஒண்ணும் ஆகல கனி. லேசாத்தான் இருமினேன். உனக்காக இருமினேன்." தோள்ல இருந்த கை அப்படியே நின்னுச்சு. "சொல்லிட்டாளா அந்தப் பிள்ளை?" "சொல்லிட்டா." "கோபமா?" "லேகியத்தை எப்படி முழுங்கின நீ?" கேட்டுட்டு நான் சிரிச்சுட்டேன். "நல்லாத்தான் இருக்கும், இனிப்பா" அப்படின்னா கனி. குனிஞ்சு பையைப் பொறுக்கினா, சொட்டு மருந்து உடையலைன்னு ஆட்டிப் பார்த்தா. நான் அவ சேலை முந்தியைத் தேடிப் பிடிச்சேன். "இந்தா, ஆடி பொறந்ததும் குத்தாலம் போறோம். நான் ஒரு மாசம் தலை நனைக்கக் கூடாதாம். நீ இறங்கு. துண்டு, செருப்பு, மணிபர்ஸ் எல்லாத்தையும் நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்." "கூட்டத்துல யாராச்சும் உங்களை வந்து இடிச்சா?" "இடிக்கட்டும்." வராந்தாவுல யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, ஒரு சக்கர நாற்காலி கடந்து போச்சு. கனி பக்கத்து நாற்காலியில உட்கார்ந்தா. மருந்துப் பையை மடியில வச்சுக்கிட்டா. அப்புறம், "எவ்வளவு நேரம் நிப்பீங்க?" அப்படின்னு கேட்டா. நீ போதும்னு சொல்ற வரைக்கும்னேன்.